பச்சிலைதான் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

போன மாதம் உங்கள் தளத்தில் வந்த கல்பாசி கட்டுரையை வாசித்தேன். நான் வத்தலக்குண்டில் பள்ளி ஆசிரியை. பழனி மலையில் தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் சித்திக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. தீபாவளி விடுமுறைக்குப் போனபோது அரிவாள் பட்டு விரலில் நல்ல வெட்டு. தோட்டத்தில் வேலை செய்யும் பளியர் பழங்குடி அம்மா ஒருவர் பாதையோரச் செடி ஒன்றைக் கிள்ளி, கசக்கி, சாற்றைப் பிழிந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றுவிட்டது. சொரசொரப்பான இலை. நீளக் காம்பின் நுனியில் சின்னப் பூ, நடுவில் மஞ்சள், ஓரத்தில் வெள்ளை. பெயர் கேட்டேன். "பச்சிலைதாம்மா" என்று சிரித்தார். மறுபடி கேட்டேன், அதே பதில்.

வெளியாளுக்குச் சொல்லக்கூடாது என்று மறைக்கிறார்களா? பெரியவர்கள் போய்விட்டால் இந்த அறிவும் அவர்களோடு போய்விடுமே. நீங்கள் அந்த மலையில் பல வருடம் சுற்றியவர். பளியர் மூலிகைகளைப் பெயர், பயன், படத்தோடு ஒரு பட்டியலாகப் போட்டால் என்ன? என் மாணவர்களை வைத்துத் தொகுத்துத் தர நானும் தயார்.

பி.கு.: கல்பாசி பாறையில் படர்வது என்று எழுதியிருந்தீர்கள். சித்தி தோட்டத்தில் நான் பார்த்ததெல்லாம் மரப்பட்டையில்தான்.

அன்புடன்,
ஒரு வாசகி
(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள டீச்சருக்கு,

முதலில் அந்த இலை. நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அநேகமாக வெட்டுக்காயப்பூண்டு. உங்கள் பள்ளி மைதானத்துச் சுவரோரம் தேடிப் பாருங்கள், கிடைக்கும். சமவெளியிலும் அரிவாள் பட்டால் நம் தாத்தாக்கள் இதைத்தான் கசக்கினார்கள். அது இந்த மண்ணின் செடிகூட இல்லை. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியிலிருந்து வந்து பரவிய களை. அந்த அம்மா எதையும் மறைக்கவில்லை. பெயர் சொல்லும் அளவுக்கு அவருக்கு அது பெரிய விஷயமாகப் பட்டிருக்காது, அவ்வளவுதான். மலையில் பார்த்ததால் உங்களுக்கு ரகசிய மூலிகையாகத் தெரிந்துவிட்டது.

மலைக்குப் போகிற நம்மவர்கள் எல்லோரும் மூலிகையைத்தான் கேட்கிறோம். சர்க்கரைக்கு என்ன, முட்டிவலிக்கு என்ன, முடி கொட்டாமலிருக்க என்ன. என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்பவர் அபூர்வம். நானும் முதல் இரண்டு வருடம் நோட்டை வைத்துக்கொண்டு மருந்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒற்றைச் சொல்லில் பதில் வரும், பேச்சு அதோடு படுத்துவிடும். ஒருநாள் கிழங்கைப் பற்றிக் கேட்டேன். இருட்டும்வரை பேசினார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தை மாதம், கீழ்ப்பழனி மலையில் பாட்டி ஒருவரோடு கிழங்கு தோண்டப் போனேன். வயது எழுபதுக்குக் குறையாது. கையில் பாரை, தோளில் சாக்கு. புதருக்குள் குனிந்து நுழைந்தவர் ஒரு காய்ந்த குச்சியைத் தொட்டு, "இது கவலை" என்றார். எனக்கு அது வெறும் சுள்ளி. ஓர் இலைகூட இல்லை. எப்படித் தெரியுது பாட்டி என்றேன்.

"மழைக்குள்ள பாத்து வச்சதுதான் தம்பி."

காட்டு வள்ளிக்கொடிகள் மழையில் தழைத்து, மழை ஓய்ந்து பனி வந்ததும் வாடிக் காய்ந்துவிடும். கொடி தேடிய சத்தெல்லாம் கிழங்குக்கு இறங்கிய பிறகு தோண்டினால்தான் மாவாக இருக்கும். முன்னாடியே தோண்டினால் சப்பென்று தண்ணீர்க்கட்டி. ஆனால் தோண்டும் நாளில் அடையாளத்துக்கு இலை இருக்காது. எனவே ஐப்பசியில் பார்த்த கொடி எந்த மரத்தில் ஏறியிருந்தது, ஒரு காம்பில் எத்தனை இலை, எந்தப் பக்கமாகச் சுற்றியது என்பதை மூன்று மாதம் மனதில் வைத்திருக்க வேண்டும். வள்ளி இனத்தில் சில வலமாகச் சுற்றும், சில இடமாகச் சுற்றும். தாவரவியல்காரர்களும் இனம் பிரிக்க இதைப் பார்ப்பார்கள். கொடி காய்ந்த பிறகும் அந்தச் சுற்று மாறாது. (கவலை என்ற பெயர் சங்கப்பாட்டிலேயே கிழங்குக்கொடியாக வருகிறது. நமக்கு இப்போது அந்தச் சொல்லில் வருத்தம்தான் மிச்சம்.)

குழி என் இடுப்பளவுக்கு இறங்கியது. பாட்டி பாரையை ஓங்கிக் குத்தவே இல்லை. மண்ணை நெம்புவார், கையால் வழித்துப் போடுவார், கிழங்கைச் சுற்றி மட்டும் இடம் பண்ணுவார். கிழங்கை எடுத்தபின், கொடியோடு ஒட்டிய தலைப்பகுதியை மட்டும் தனியாக நறுக்கி, அதே குழியில் நிறுத்தி, மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்துவிட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே "அடுத்த வருசம் வரணும்ல" என்றார். கிழங்கைச் சொன்னாரா, எங்களைச் சொன்னாரா, தெரியவில்லை.

எனக்கும் துணிச்சல் வந்து, ஒரு சுள்ளியைப் பிடித்துத் தோண்டினேன். அரை அடியிலேயே அகப்பட்டது. வழவழவென்று, இரண்டு கொம்பு விரித்தமாதிரி. சாக்கில் போடப்போன கையைப் பாட்டி பட்டென்று தட்டிவிட்டார். கண்வலிக்கிழங்கு. அதாவது செங்காந்தள், நம் மாநிலப் பூ. அதிலுள்ள கோல்ச்சிசின் கீல்வாதத்தில் ஒரு வகைக்கு மருந்து. அளவு கொஞ்சம் மிஞ்சினால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கி ஆளையே கொண்டுபோய்விடும். வள்ளிக்கிழங்கு என்று நினைத்து வேகவைத்துத் தின்று செத்தவர்கள் உண்டு. "இது உங்க ஊர்க்காரங்க காட்டுல போடறதுல்ல?" என்றார் பாட்டி. ஆமாம், மலையிறங்கினால் ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காக அதைப் பயிர் செய்கிறோம். மழைக்காலமாக இருந்திருந்தால் இலை நுனி சுருண்டு பற்றிக்கொள்வதைப் பார்த்து நானே கண்டுபிடித்திருப்பேன். தையில் எல்லாம் சுள்ளி.

இந்த ஒரு காலைப்பொழுதை உங்கள் பட்டியலில் எப்படிப் போடுவீர்கள்? "கவலை – உண்ணலாம்" என்று ஒரு வரி வரும். "செங்காந்தள் – மூட்டுவலிக்கு" என்று இன்னொரு வரி வரும். உங்கள் மாணவன் ஒருவன் அதை வாட்ஸப்பில் போடுவான். ஈஸ்வரமூலியைப் பாருங்கள். பாம்புக்கடிக்கு என்று எல்லாப் பட்டியலிலும் இருக்கும். அந்த இனத்துச் செடிகளிலுள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பது, புற்றுநோயும் உண்டாக்குவது. 1990களில் பெல்ஜியத்தில் உடம்பு இளைக்க மருந்து சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் போனதற்கு அதன் சீனத்து உறவுச்செடிதான் காரணம். இது எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. நான் சொன்ன பாட்டியின் பேரனைப் பாம்பு கடித்தபோது, ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிப் போனார்கள்.

இன்னொரு கதையும் உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. 1987இல் கேரளத்தின் அகத்தியமலைப் பக்கம் ஆய்வாளர்கள் சிலர் அங்குள்ள பழங்குடியினரான காணிக்காரர்களை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு போனார்கள். இவர்கள் களைத்து உட்கார, காணிகள் ஒரு பழத்தைத் தின்றுவிட்டுத் தெம்பாக நடந்தார்கள். கேட்டதற்கு முதலில் சொல்லத் தயங்கி, பிறகு செடியைக் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை. காணிகளுக்கு அது நடைவழித் தீனி, தின்பது பழம். ஆய்வகம் இலையை எடுத்து 'ஜீவனி' என்ற மருந்தாக்கியது. 1995இல் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் போனது. உரிமத்தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று ஒப்பந்தம், அதற்காக 1997இல் ஓர் அறக்கட்டளை. உலகமே மெச்சிய ஏற்பாடு, மெச்சவும் வேண்டியதுதான். ஆனால் காட்டிக்கொடுத்தது இரண்டு மூன்று பேர். சொல்லலாமா என்று மற்ற காணிகளிடம் யாரும் கேட்கவில்லை. காணிகளுக்குள்ளேயே அதில் மனத்தாங்கல் வந்தது. இலை பறித்தால் செடி அழிந்துவிடும் என்று வனத்துறையும் தயங்கியது. படம் பிடித்துப் போடுமுன் இதையும் யோசியுங்கள்.

பெரியவர்களோடு அறிவு போய்விடும் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐப்பசியில் பேரன் காட்டில் இல்லை, அதனால் போகிறது. அவன் விடுதியில் இருக்கிறான். படிக்கட்டும், ஒரு டீச்சரிடம் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ரேஷன் அரிசி வந்தபின் இடுப்பளவு குழி தோண்ட யாருக்கும் அவசியமும் இல்லை, அதுவும் நல்லதுதான். ஆனால் தோண்ட விரும்புகிறவர் போய்த் தோண்ட முடிய வேண்டும். சிறு வனப்பொருளைச் சேகரிக்கவும் விற்கவும் 2006ஆம் வருட வன உரிமைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பாதையில் நிறுத்திப் "பாரை எதுக்கு?" என்று கேட்பவரிடம் அந்தப் பாட்டி சட்டப்பிரிவா சொல்லிக்கொண்டிருப்பார்?

ஆகவே பட்டியல் நான் போடப்போவதில்லை. உங்கள் மாணவர்கள் முதலில் தங்கள் வீட்டு ஆச்சிகளிடம், கஞ்சிக்கும் வழியில்லாத நாளில் எந்தக் கீரையைப் பறித்தீர்கள், எதை இரண்டு தண்ணீர் வடித்தீர்கள் என்று கேட்கட்டும். நோட்டு நிறையும். நீங்கள் தாண்டிக்குடி போனது ஐப்பசி, கொடியெல்லாம் பச்சையாக நின்றிருக்கும். தை பிறந்ததும் அந்த அம்மாவுக்கு இஷ்டமிருந்தால் அவரோடு போய்ப் பாருங்கள். அன்றைக்குத் தோட்டக்கூலி போய்விடும், அதைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

கல்பாசியில் நீங்கள் சொன்னதுதான் சரி. பெயரில் கல் இருக்கிறதே என்று கை தானாக எழுதிவிட்டது. பாறையிலும் உண்டு, ஆனால் சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி மரப்பட்டையில் உரித்தது. அது செடியும் இல்லை. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும் என்பதை எழுதாமல் விட்டிருந்தேன், இப்போது அதையும் சேர்த்துத் திருத்திவிட்டேன்.

விரல் ஆறிவிட்டதா? தோட்டத்து அரிவாள் துருப்பிடித்துத்தான் இருந்திருக்கும். டிடி ஊசி போட்டுக்கொண்டீர்கள்தானே?