நாய் குரைத்த இடம்

வாசகர் கடிதம்:

வணக்கம் ஐயா. திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். செப்டெம்பர் 16, ஓசோன் தினத்துக்குப் பேச வேணும். ஓசோனில் ஓட்டை விழுந்து வெயில் நேரே இறங்குவதால்தானா கச்சான் காலத்தில் இவ்வளவு வெக்கை? புறாமலையில் முருகைக்கல் வெளுப்பதும் அதனாலா? எத்தனை மரம் நட்டால் சரிவரும்? முந்தியே எழுதியிருப்பேன். நேற்று வீட்டுப் பழைய ஏசியைக் கழற்றினார்கள். காஸ் புஸ்ஸென்று போன சத்தத்துக்கு நாய் குரைத்த குரைப்பில் ஒன்றும் ஓடவில்லை. புதுசு சனிக்கிழமை பூட்டுகிறார்கள்.

பதில்:

அன்புள்ள தம்பி,

உமது கேள்விகளை விட அந்த நாய்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஏசி கழற்றுகிற விதத்தைப் பற்றிச் சில நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கேள்விகள். ஓட்டை நம் தலைக்கு மேலே இல்லை. அந்தாட்டிக்காவின் குளிர்காலத்தில் ஓசோன் இருக்கும் மேலடுக்கான படைமண்டலம் -78 பாகைக்குக் கீழே போய் முகில் உண்டாகிறது. செப்டெம்பரில் வெயில் திரும்பியதும் பிரிட்ஜ், ஏசிக் காஸ்களிலிருந்து போய் அந்த முகிலில் விடுபட்ட குளோரீன் ஓசோனைத் தின்கிறது. திருகோணமலைக்கு மேலே குறைந்தது மிகச் சொற்பம். சூரிய சக்தியில் புற ஊதாவின் பங்கும் சிறிது. அது தோலுக்கும் கண்ணுக்கும் கேடு, ஆனால் வெக்கைக்கு அது காரணமில்லை. கச்சான் மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டுக் காய்ந்து நம் பக்கம் இறங்குகிற காற்று, பிரிட்ஜ் பிறக்க முந்தியே வீசியது. அதற்கு மேல் சூட்டை ஏற்றுவது காபனீரொட்சைட்டு. கைத்தொழிற் புரட்சிக்கு முன் பத்து இலட்சத்தில் 280 பங்கு, இன்று 420க்கும் மேல். முருகைக்கல் வெளுப்பது கடல் வழக்கமான உச்சச் சூட்டை விட ஒரு பாகை கூடிக் கிழமைக்கணக்கில் நிற்பதால். தனக்குள் இருந்து சாப்பாடு தரும் பாசியை அது வெளியே தள்ளிவிடுகிறது. மரம் நடும், நிழல் கிடைக்கும். ஆனால் ஓசோன் ஓட்டையை மரம் அடைக்காது, அதைப் பேச்சில் சேர்க்க வேண்டாம்.

இனி ஏசி. விஞ்ஞானம் படிப்பிக்கிற மனிசன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டா நின்றீர்? பழைய ஸ்பிளிட் ஏசி என்றால் உள்ளே இருக்கும் குளிரூட்டும் காஸ் பெரும்பாலும் ஆர்-22தான், 12,000 பி.ரி.யூ (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசிக்கு 800 கிராம் போல. அதில் குளோரீனும் உண்டு, வெப்பத்தைப் பிடித்துவைக்கும் குணமும் உண்டு. நூறு வருடக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-22, சுமார் 1,800 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். நாய் குரைத்த அந்த நேரத்துக்குள் 630 லீற்றர் பெற்றோல் எரித்த புகை போய்விட்டது. லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிளில் கொழும்புக்கு அறுபது தரம் போய்வரலாம்.

ஏசி வேலை செய்கிற நிலையில் இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. கூலில் ஓடவிட்டு, தடித்த குழாயின் வால்வில் அமுக்கம் காட்டும் கேஜைப் பூட்டி, மெல்லிய குழாயின் வால்வை அலன் கீயால் மூட வேணும். காஸ் முழுவதும் வெளி யூனிற்றுக்குள் ஒதுங்கி முள் பூச்சியத்தை நெருங்கியதும் தடித்த குழாயை மூடி உடனே கரண்டை நிறுத்த வேணும். இழுத்தடித்தால் கொம்பிறசர் சூடாகிக் கெடும். குழாயில் ஒழுக்கு இருந்தால் இந்த வேலையே கூடாது, காற்றை உள்ளே இழுத்துவிடும். கொம்பிறசர் செத்திருந்தால் காஸை உறிஞ்சியெடுக்கும் மெஷின் வேணும், சிலிண்டரை 80 வீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. ஒதுக்கிய காஸையும் சிலிண்டருக்கு மாற்றித்தான் யூனிற்றைப் பழைய இரும்புக்குக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் அங்கே குழாயை வெட்டுகிறவர் திறந்துவிடுவார்.

புது ஏசிகளில் 'ஓசோனுக்குப் பாதுகாப்பு' என்று ஒட்டியிருக்கிறதே, அதில் மயங்கவேண்டாம். ஆர்-22க்கு மாற்றாக வந்த ஆர்-410ஏ காஸில் குளோரீன் இல்லை, சரி. ஆனால் முன்சொன்ன காபனீரொட்சைட்டுக் கணக்கில் கிலோவுக்கு 2,088, ஆர்-22க்கு 1,810. 1987இல் மொன்றியலில் ஓசோனைக் காப்பாற்றப் போனவர்கள், 2016இல் கிகாலியில் திரும்பக் கூடியது இந்த மாற்று வாயுக்களுக்காகத்தான். இன்னொரு மாற்றுக் காஸான ஆர்-32 என்றால் 675.

எந்தக் காஸ் என்றாலும் நம்ம ஊரில் பெரிய எதிரி உப்புக்காற்று. அலுமினியத் தகடும் செப்புக் குழாயும் தொடுகிற இடத்தில் உப்பு ஈரம் பட்டால் தகடு வெள்ளைத் தூளாக உதிரும், உப்பு குழாயையும் அரித்து ஒழுக்கு உண்டாக்கலாம். கடற்கரைப் பக்கத்தில் மாதம் ஒருக்கால் கரண்டை நிறுத்திவிட்டு, நல்ல தண்ணியால் மெதுவாக மேலிருந்து கீழே கழுவ வேணும். ஜெட்டால் அடித்தால் தகடு மடியும். 'காஸ் குறைஞ்சிட்டுது, அடிக்க வேணும்' என்று சொன்னால் விடாதீர். மூடிய குழாயில் காஸ் தானாகக் குறையாது. எண்ணெய்க் கறை படிந்த மூட்டில் சவர்க்கார நுரை பூசினால் ஒழுக்கு தெரியும். அதை அடைத்த பிறகுதான் காஸ்.

சனிக்கிழமை பூட்ட வருகிறவரிடம் வெற்றிடப் பம்ப் இருக்கிறதா என்று இன்றைக்கே கோல் எடுத்துக் கேளும். பம்ப் இல்லாதவர்கள் புது யூனிற்றின் காஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் குழாயிலுள்ள காற்றைத் தள்ளுவார்கள். அதில் ஈரம் உள்ளே தங்கி, எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கொம்பிறசர் சுருளை எரிக்கும். இருபது நிமிடமாவது பம்ப் ஓட வேணும், பிறகு வால்வை மூடிவிட்டு முள் ஏறுகிறதா என்று பார்க்க வேணும். ஏறினால் காஸ் திறக்க விடவேண்டாம்.