டெலிவரிக்கு வருபவருக்கு டிப்ஸ் தர வேண்டுமா?

கேள்வி: ஆப்பில் டெலிவரி கட்டணம் கட்டிவிடுகிறேன். சாப்பாடு கொண்டுவருபவருக்குத் தனியாக டிப்ஸும் தர வேண்டுமா?

பதில்: அந்தக் கட்டணம் முழுதாக அவர் கைக்குப் போகிறது என்று நினைத்துவிடாதீர்கள், பல இடங்களில் ஒரு டெலிவரிக்கு இவ்வளவு என்றுதான் அவருக்குக் கணக்கு, பெட்ரோலும் வண்டிச் செலவும் அவருடையதே. முடிந்தால் கட்டாயம் கொடுங்கள். பில்லை மட்டும் பார்க்காமல் தூரம், மழை, மாடிப்படி எல்லாம் பாருங்கள். ஆர்டர் சின்னதென்றாலும் அவர் ஓட்டிவந்த தூரம் அதேதான். தாமதமானால்? சமையலிலேயே தாமதமாகியிருக்கலாம், அதற்காக அவருடைய டிப்ஸைக் குறைப்பது நியாயமே இல்லை. பணமாகத் தந்தால் நேராகக் கைக்குப் போகும். சில்லறை இல்லையா, சரி, ஆப்பிலேயே போடுங்கள். ஆனால் ஆர்டர் செய்யும்போது டிப்ஸாகப் பெரிய தொகை காட்டிவிட்டு அப்புறம் குறைக்காதீர்கள், அதை நம்பித்தான் அந்த ஆர்டரை எடுத்திருக்கலாம்.