பழைய கோல்ட்டும் புதிய கிளாக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கே டெக்சாஸில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர், கொள்ளுத்தாத்தா வழியாக வந்த 1884ஆம் ஆண்டுக் கோல்ட் ரிவால்வரையும், தாம் அண்மையில் வாங்கிய கிளாக் 17 பிஸ்டலையும் அருகருகே வைத்துக் காட்டினார். ஒன்று எஃகும் வால்நட் மரமுமாகக் கம்பீரமாக இருக்கிறது. மற்றது பிளாஸ்டிக் பொம்மைபோல இருக்கிறது. கைவினை இவ்வளவு தாழ்ந்துவிட்டதா? பழையதைத் துலக்கிச் சுட்டுப் பார்க்க அவர் ஆசைப்படுகிறார்.

கே., டாலஸ்

அன்புள்ள கே.,

முதலில் உங்கள் நண்பரைத் தடுத்தாக வேண்டும். அந்த ரிவால்வர் கருமருந்துத் தோட்டாவின் அழுத்தத்துக்கென்று செய்யப்பட்டது. புகையில்லா மருந்து அடைத்த இன்றைய தோட்டாவை இட்டால், தோட்டாக்கள் அமரும் உருளை பிளக்கக்கூடும். கோல்ட் நிறுவனமே 1900ஐ ஒட்டித்தான் புகையில்லா மருந்துக்குப் பொறுப்பேற்கத் தொடங்கியது. துலக்குவதால் உயிருக்கு ஆபத்தில்லை, விலைக்குத்தான் ஆபத்து. சட்டகத்தில் நீலமும் வைக்கோல் மஞ்சளும் திட்டுத்திட்டாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். எலும்புக்கரியில் சூடேற்றிக் கடினப்படுத்தியபோது உண்டான அந்த நிறங்களில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதைப் பார்த்தே சேகரிப்பாளர்கள் விலை பேசுவார்கள்.

கைவினை தாழ்ந்துவிட்டது என்பதை நான் ஏற்கவில்லை. சாமுவேல் கோல்ட் 1851இல் லண்டன் பொருட்காட்சியில் தம் ரிவால்வர்களைக் காட்டியபோது, அவற்றின் தனிச்சிறப்பே அவை பெரும்பாலும் இயந்திரங்களால் செய்யப்பட்டவை என்பதுதான். கொல்லர் ஒவ்வொன்றாக அரத்தால் ராவிச் செய்த துப்பாக்கிகளின் காலத்தை முடித்துவைத்தவர்களில் அவரும் ஒருவர். அவர் மறைந்து பதினோரு ஆண்டுகளுக்குப் பின், 1873இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட உங்கள் நண்பரின் ரகமும் தொழிற்சாலைச் சரக்குதான். இன்று நாம் அதில் காணும் அழகில் பாதி, வயதும் அருமையும் பூசியது. கிளாக்கிலும் பிளாஸ்டிக்காக இருப்பது பிடியும் சட்டகமுந்தான். வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும் குழலும், அதன்மேல் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடும் எஃகு.

இரண்டுக்கும் உண்மையான வேறுபாடு, பாதுகாப்பை யாரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. கோல்ட்டில் தோட்டாவை அடிக்கும் பின்பக்கச் சுத்தியலைப் பாதியளவு இழுத்து நிறுத்தி, வலப்பக்கக் கதவைத் திறந்து, உருளையைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு தோட்டாவாக நுழைக்க வேண்டும். சுட்ட பின் வெற்றுக் கூடுகளையும் குழலுக்கடியில் உள்ள கம்பியால் ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். ஆறு அறைகள் இருந்தாலும் விவரம் தெரிந்தவர்கள் ஐந்தைத்தான் நிரப்பினார்கள், ஏனென்றால் இறங்கிய சுத்தியலின் முனை நேராகத் தோட்டாவின் மேல் அமர்ந்திருக்கும், கீழே விழுந்தால் வெடித்துவிடும். ஆக, அந்த ஆறாவது வெற்றறைதான் அதன் பாதுகாப்பு, அதையும் சுடுபவரே நினைவில் வைத்திருந்தாக வேண்டும்.

ஆஸ்திரிய ராணுவம் 1982இல் தேர்ந்தெடுத்த கிளாக்கோ அந்தப் பொறுப்பைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. சுட இழுக்கும் விசையின் முகத்தில் பதிந்திருக்கும் மெல்லிய நாக்கை விரல் சரியாக அழுத்தாவிட்டால் விசை நகராது. விசை முழுதாக நகரும்வரை உள்ளே ஒரு கட்டை, தோட்டாவை அடிக்கும் வெடியூசியை மறித்து நிற்கும். பதினேழு தோட்டாக்கள் மேகசினில் அடங்குகின்றன. ஸ்லைடு பின்னுக்குப் போய் வெற்றுக் கூட்டை எறிந்துவிட்டு, திரும்பும்போதே அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றிவிடுகிறது. விரலால் தனியாகத் தள்ளிவிடும் பாதுகாப்புப் பூட்டு அதில் இல்லை என்பதால், விசைமேல் கவனமின்றி விரல் வைப்பவரை அது காப்பாற்றாது. கருவி என்ற அளவில் கிளாக் மேலானது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. கோல்ட்டுக்கு நான் விட்டுக்கொடுப்பது அதன் பிடியை மட்டுமே: சுட்டவுடன் கைக்குள் மெல்ல மேல்நோக்கி உருண்டு, அடுத்து இழுக்க வேண்டிய சுத்தியலைக் கட்டைவிரலுக்கு எட்டும்படி கொண்டுவந்து நிறுத்தும் வளைவு அது.

நண்பருக்குச் சுட்டே பார்க்க வேண்டுமென்றால், இதே வடிவத்தில் இத்தாலிய நிறுவனங்கள் இன்றைய எஃகில் செய்யும் நகல்களில் ஒன்றை வாங்கிக்கொள்ளட்டும். கொள்ளுத்தாத்தாவின் துப்பாக்கிக்கு வரிசை எண்ணை எழுதி, கோல்ட் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்திடமிருந்து கட்டணம் செலுத்தி ஒரு கடிதம் பெற்று வைக்கச் சொல்லுங்கள். அது தொழிற்சாலையை விட்டுப் போன நாளும், அப்போது இருந்த குழலின் நீளமும் தெரிந்தால், பின்னால் யாரேனும் குழலை வெட்டியிருக்கிறார்களா என்பதும் தெரிந்துவிடும்.