கணக்குப் போடுவது யார்?

கேள்வி: மனிதன் சுயநலக்காரன் என்று டார்வினே சொல்லிவிட்டார். ஒருவர் உதவினாலும் உள்ளே ஒரு கணக்கு இருக்கத்தான் செய்கிறது. அப்புறம் ஒழுக்கம், அறம் எல்லாம் வேஷம்தானே?
- வாசகர், கோத்தகிரி

பதில்: டார்வின் அப்படிச் சொல்லவில்லை. ஒருவருக்கொருவர் உதவவும் பொது நன்மைக்காகத் தன்னையே கொடுக்கவும் துணிந்தவர்கள் நிறைந்த குழு மற்றக் குழுக்களை வெல்லும் என்றுதான் 1871இல் எழுதினார். 'சுயநல மரபணு' என்ற பேச்சு 1976இல் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸின் நூலோடு பரவியது. சுயநலம் என்று அவர் சொன்னது மரபணுவை, ஆளை அல்ல. தன்னைச் சுமக்கும் உயிரைத் தாராளமாக நடக்க வைத்தும் ஒரு மரபணு பெருகலாம். உறவினரிடமும் அதே மரபணு இருக்கிறதே! 1964இல் உயிரியலாளர் ஹாமில்டன் இதைக் கணிதமாகவே எழுதிக் காட்டினார்.

உங்கள் மலையடிவாரத்து முதுமலையில் செந்நாய்கள் உண்டு. கூட்டத்தில் குட்டி போடுவது பெரும்பாலும் ஒரே பெண் நாய். மற்றவை வேட்டையாடித் தின்ற இறைச்சியைத் திரும்பி வந்து கக்கி, அந்தக் குட்டிகளுக்கு ஊட்டுகின்றன. ஊட்டும் நாய் உட்கார்ந்து லாப நட்டம் பார்ப்பதில்லை. கணக்குப் போட்டது இயற்கைத் தேர்வு, அதாவது பிழைத்துப் பெருக உதவும் குணங்கள் தலைமுறைகளாக நிலைக்கும் முறை. குட்டி கெஞ்சும்போது நாய்க்கு ஊட்டத் தோன்றுகிறது, அவ்வளவுதான். இயற்கையின் கணக்கு, நாயின் உணர்வு: நீங்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறீர்கள். தாய்ப்பாசமும் பரிணாமம் தந்ததுதான். அதையும் வேஷம் என்பீர்களா?

சரி, உறவில்லாதவர்களிடம்? அங்கே கைமாறு வருகிறது. 1971இல் உயிரியலாளர் டிரிவர்ஸ் இதை விளக்கினார். உங்கள் மலை அதற்கு வெகுகாலம் முன்பே அப்படி வாழ்ந்தது. நீலகிரியின் நான்கு சமூகங்களைப் பாருங்கள். கோத்தர் மண்பாண்டமும் இரும்புக் கருவியும் செய்து தந்தார்கள், சாவுக்கு வாசித்தார்கள். தோடர் நெய் தந்தார்கள், படகர் தானியம், குறும்பர் தேனும் காட்டுப் பொருள்களும். குடும்பத்துக்குக் குடும்பம் தலைமுறைகளாகத் தொடர்ந்த உறவு அது. ஏமாற்றியவன் ஒளிய இடமில்லை. ஆமாம், அதில் கணக்கு உண்டு. ஆனால் வெறும் கணக்கு இத்தனை தலைமுறை தாங்காது. நன்றியும் வெட்கமும், ஏமாற்றியவன் மேல் வரும் கோபமும் சேர்ந்துதான் தாங்கின. நாம் ஒழுக்கம் என்பது பெருமளவு இந்த உணர்ச்சிகளைத்தான். இவை பொய்யல்ல.

எனக்குக் கவலை வேறு இடத்தில். சூனியம் வைத்தார்கள் என்ற சந்தேகத்தில் 19ஆம் நூற்றாண்டில் குறும்பர்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டதும் இதே நீலகிரியில்தான். கொன்றவர்கள் தங்கள் பிள்ளைகளையும் மாடுகளையும் காப்பதாகவே நம்பினார்கள். தன் ஆட்கள் மேல் வைத்த பாசமே அந்தக் கையை ஓங்க வைத்தது. சுயநலம் மட்டும் இதைச் செய்திருக்காது. 'நம்மவர்' என்ற வட்டத்தோடுதான் நம் நல்ல குணம் வளர்ந்திருக்கிறது. அந்த வட்டத்தில் யார் யார் என்பதை எந்த மரபணுவும் எழுதி வைக்கவில்லை; ஊர்தான் முடிவு செய்கிறது.

உங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இலை பறிக்க ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் கோத்தகிரியிலிருந்து யார் போகிறார்கள்? விசாரித்து எழுதுங்கள்.