நடைபாதையில் கவிதை: கடிதமும் பதிலும்

வணக்கம். ஈழப்போரில் சிறுபிள்ளைகளாகத் தப்பி வந்து சேலம் பக்கத்து முகாம்களில் வளர்ந்தவர்கள் தந்த நாலு வரிக் கவிதைகள் எங்களிடம் இருக்கின்றன. ஏற்காடு ஏரிக்கரை நடைபாதையில் பதிக்க ஆசை. அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் போல ஈரக் கான்கிரீட்டில் அச்சை அழுத்தலாமா?
— வாசகர், அஸ்தம்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

வேண்டாம், கல்லில் வெட்டுங்கள். செயின்ட் பாலில் 2008 முதல், உடைந்த நடைபாதையை மாநகராட்சி மாற்றும்போதே கவிதையையும் அழுத்திவிடுகிறார்கள். ஆங்கில எழுத்தில் சுழி குறைவு. நம் ண, ஞ, ஊ அப்படியல்ல. சுழிக்குள் நிற்கும் சின்னக் கான்கிரீட் துண்டு, அச்சைத் தூக்கும்போது கூடவே பெயர்ந்து வந்துவிடும். புள்ளி சாந்தில் மூடிக்கொள்ளும்; பதுங்குகுழியைச் சொல்லும் ‘பங்கர்’ ‘பஙகர’ ஆகிவிடும். நேரமும் சிக்கல்தான். மேலே நீர் நிற்கும்போது அழுத்தினால் எழுத்தின் ஓரம் சரியும், இறுகியபின் அழுத்தினால் விரிசல் விடும்.

5 செ.மீ. கனமுள்ள கிரானைட் போதும். பாலிஷ் போட்டது மழையில் வழுக்கும், தீயால் சொரசொரப்பாக்கியதை வாங்குங்கள். எழுத்து 5 செ.மீ. உயரம், வெட்டு 4 மி.மீ. ஆழம். எழுத்து வடிவம் வெட்டிய ஸ்டிக்கர் ஒட்டி சாண்ட் பிளாஸ்டிங் (மணலை வேகமாகப் பீய்ச்சிச் செதுக்குவது) செய்தால் சுழிகள் நிற்கும். புள்ளியை மட்டும் 6 மி.மீ. டிரில் பிட்டால் தனியாகத் துளையுங்கள். பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, ஆனால் இன்றைய கண்ணுக்கு அது வேண்டும். பெயிண்ட் நிரப்பாதீர்கள், உரிந்துபோகும். மலைமேல் பாசி கட்டாயம் பிடிக்கும். தண்ணீரும் நைலான் பிரஷ்ஷும் போதும், ஆசிட் கூடாது.

அதைவிட முக்கியம் இடம். காகிதத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாம். பாதை நடுவே பதித்தால் பாதிப் பேர் விலகி நடப்பார்கள், மீதிப் பேர் மிதிக்கும்போது எழுதியவருக்கு வலிக்கும். அந்தக் கவிதைக்குள் அவர் அம்மா இருக்கலாம். நடப்பவரைப் பார்த்தபடி, பாதையின் ஓரக்கல்லாக ஒரு முழ உயரத்துக்குச் சற்றே சாய்த்து நிறுத்துங்கள். மழைநீரும் எழுத்தில் தங்காமல் வழிந்துவிடும். குழந்தைகள் குனியாமலே படிப்பார்கள்.

சொற்களைத் திருத்தாதீர்கள். பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட அந்தக் குழி, உள்ளே இருந்த பிள்ளைக்குப் ‘பங்கர்’தான். அதைப் ‘பதுங்குகுழி’ ஆக்கினால் குரல் மாறிவிடும். கீழே சின்னதாக அன்றைய வயதும் ஆண்டும் மட்டும் போடுங்கள்.

வெட்டுமுன் அசல் அளவில் தாளில் அச்சிட்டு, அதே இடத்தில் நிறுத்தி, எழுதியவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஒற்றுப்பிழை அப்போதே கண்ணில் படும். கல்லில் ஏறிவிட்டால் பலகையையே மாற்ற வேண்டும்.