ஜான்சனின் இரண்டு போர்கள்: கேள்வி பதில்

அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் (1963–69) உள்நாட்டில் வறுமையோடும் வெளியே வியட்நாமோடும் ஒரே நேரத்தில் மோதியவர். அவரைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி: சார், உள்நாட்டில் இவ்வளவு நல்லது செய்தவர் வியட்நாமில் ஏன் போய் மாட்டிக்கொண்டார்?

பயம்தான் என்பது என் கணிப்பு. 1949இல் சீனா கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனபோது, சீனாவைக் கோட்டைவிட்டவர் என்று அதிபர் ட்ரூமனை எதிர்க்கட்சியினர் பிடித்து உலுக்கினார்கள். செனட்டராக இருந்த ஜான்சன் அதைக் கண்ணால் பார்த்தவர். வியட்நாமும் போனால் தனக்கும் அதே கதிதான், அப்புறம் ஒரு மசோதாவும் நகராது என்று நினைத்தார். ஜெயித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் அவர் இறங்கவில்லை. 1964 மே மாதம் ஆலோசகர் பண்டியிடம் தொலைபேசியில், சண்டை போடும் அளவுக்கு இது தகுந்ததாகத் தெரியவில்லை, வெளியே வரவும் முடியாது போலிருக்கிறது என்று புலம்புகிறார். அந்த ஒலிப்பதிவு இருக்கிறது. கேட்டால் மனசு கனத்துப்போகும்.

கேள்வி: ஏழைகளுக்கு உண்மையில் என்ன கிடைத்தது?

நிறைய. 1964இல் நிறப் பாகுபாட்டைத் தடை செய்த சிவில் உரிமைச் சட்டம், 1965இல் கறுப்பரின் ஓட்டுரிமையைக் காத்த வாக்குரிமைச் சட்டம், அதே ஆண்டு முதியவர்களுக்கான மெடிகேர் மருத்துவக் காப்பீடு. இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கறுப்பருக்குத் தனி வார்டு, வெள்ளையருக்குத் தனி வார்டு என்று பிரித்து வைக்கும் மருத்துவமனைக்கு மெடிகேர் பணம் கிடையாது என்று அரசு உறுதியாக நின்றது. தெற்கு மாநிலங்களில் காலங்காலமாக இருந்த பிரிவினை, 1966இல் சில மாதங்களுக்குள் பெரும்பாலான மருத்துவமனைகளை விட்டுப் போனது.

இது ஓட்டுக்காகச் செய்தது என்று சொல்பவர்களை நான் ஏற்பதில்லை. 1928இல் டெக்சாஸின் கொட்டுல்லா என்ற சின்ன ஊரில், மெக்சிக்கோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்தவர் அவர். காலையில் சாப்பிடாமல் பசியோடு வகுப்புக்கு வந்த அந்தப் பிள்ளைகளைத்தான், 37 வருடம் கழித்து வாக்குரிமைக்காகப் பேசிய உரையில் நினைத்துக்கொண்டார்.

கேள்வி: கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்ற கதைதானே?

ஆசைப்பட்டதை நான் குறை சொல்ல மாட்டேன், மறைத்ததைத்தான் சொல்வேன். 1965 ஜூலையின் கடைசி வாரத்தைப் பாருங்கள். 28ஆம் தேதி பகல் நேரத்தில் ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு. வியட்நாமில் படை 75,000இலிருந்து 1,25,000 ஆகிறது, கட்டாய ராணுவச் சேர்ப்பு மாதம் 17,000இலிருந்து 35,000 ஆகிறது என்று அறிவிக்கிறார். அதே சந்திப்பில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு நீதிபதியின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார். கொள்கை மாறுகிறதா என்று கேட்டதற்கு, துளிகூட இல்லை என்றார். இரண்டே நாளில், 30ஆம் தேதி, ட்ரூமனின் ஊரான இண்டிபெண்டன்ஸுக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மெடிகேரில் கையெழுத்துப் போடுகிறார்.

போரின் விலையை வெளிப்படையாகச் சொன்னால் நாடாளுமன்றம் சீர்திருத்தப் பணத்தில்தான் கைவைக்கும் என்பது அவர் கணக்கு. அதனால் வரியையும் உயர்த்தவில்லை. 1967 ஆகஸ்டில் வேறு வழியின்றி 10 சதவீதக் கூடுதல் வரி கேட்டபோது, அவர் பயந்ததே நடந்தது. முதலில் செலவைக் குறையுங்கள் என்று வரிக் குழுத் தலைவர் வில்பர் மில்ஸ் பிடிவாதமாக நின்றார். 1968 ஜூனில் வரி வந்தது, கூடவே 600 கோடி டாலர் வெட்டும் வந்தது. விலைவாசி அதற்குள் ஏறிவிட்டது. அதைவிடப் பெரிய நஷ்டம், மக்கள் அவர் வார்த்தையை நம்புவதை விட்டுவிட்டார்கள்.

கேள்வி: மார்ட்டின் லூதர் கிங் கூட்டாளிதானே, அவர் ஏன் எதிர்த்தார்?

ஏழைகளுக்கான பணத்தையும் ஆட்களையும் போர் உறிஞ்சிக்கொண்டிருந்தது. 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க் ரிவர்சைட் தேவாலயத்தில் இதை வெளிப்படையாகச் சொன்னார். அதற்குப் பின் இருவருக்கும் பேச்சு இல்லை என்றே சொல்லலாம்.

கேள்வி: அந்தக் காலத்து அமெரிக்கக் கோதுமைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 1965-66 பஞ்சக் காலத்தில் பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தின் கீழ் இந்தியாவுக்கு வந்த கோதுமையை ஜான்சன் மொத்தமாகத் தராமல் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தார். விவசாயத்துக்கு இந்தியா முன்னுரிமை தர வேண்டும் என்பது ஒரு காரணம்; வியட்நாம் குண்டுவீச்சை டெல்லி கண்டித்ததும் அவருக்குக் கசந்தது. அந்த நெருக்கடியைச் சமாளித்த உணவு அமைச்சர் நம் சி. சுப்பிரமணியம்தான்.

கேள்வி: போர் முடிந்ததை அவர் பார்த்தாரா?

இல்லை. 1968 மார்ச் 31 அன்று மறுபடி போட்டியிட மாட்டேன் என்று அறிவித்துவிட்டு, பதவிக்காலம் முடிந்ததும் டெக்சாஸ் பண்ணைக்குப் போய்விட்டார். 1973 ஜனவரி 22 அன்று மாரடைப்பில் இறந்தார். அமெரிக்கா போரிலிருந்து விலகும் ஒப்பந்தம் பாரிஸில் கையெழுத்தானது ஜனவரி 27 அன்று.