யார் பாடினால் அது பெட்ரா?

கேள்வி: பெட்ரா என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ ராக் குழு 2005இல் 'ஃபேர்வெல்' (விடைபெறுதல்) என்று பெயர் வைத்தே ஒரு பாடல் தொகுப்பு வெளியிட்டு விடைபெற்றது. ஆனால் 2010இல் எண்பதுகளின் பாடகர் கிரெக் வோல்ஸோடு மறுபடி கூடினார்கள். அப்புறம் ஐம்பதாம் ஆண்டு என்று 2022இல், வோல்ஸுக்குப் பின் வந்த பாடகர் ஜான் ஷ்லிட்டோடு மேடையேறினார்கள். எங்கள் நண்பர்களுக்குள் இதை வைத்து ஓயாத வாக்குவாதம். வோல்ஸ் காலம்தான் அசல் என்று பாதிப் பேர். ஷ்லிட் இல்லாமல் பெட்ராவே இல்லை என்று மீதிப் பேர். என்னைக் கேட்டால், போனவர்கள் போனதாகவே இருந்திருந்தால் பெயராவது மிஞ்சியிருக்கும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், நாகர்கோவில்

பதில்: உங்கள் கடைசி வாக்கியம்தான் என்னை உறுத்துகிறது, சகோதரரே. பெயராவது மிஞ்சியிருக்கும் என்கிறீர்கள். நாலு கச்சேரி கூடுதலாக நடத்தியதால் கெட்டுப்போகிற அளவுக்கு லேசான பெயரா பெட்ராவுடையது?

முதலில், கொடுத்த வாக்கைப் பார்ப்போம். 2005இல் விடைபெற்றது ஷ்லிட் பாடிய அணி. அந்த ஆண்டு டிசம்பர் 31 இரவு, டென்னசி மாநிலம் மர்ஃப்ரீஸ்பரோவில் கடைசிக் கச்சேரி நடந்தது. வோல்ஸ் அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பே விலகிப் போனவர். எண்பதுகளில் அவரோடு வாசித்தவர்களைச் சேர்த்துக்கொண்டு, 2010இல் 'கிளாசிக் பெட்ரா' என்று தனிப்பெயர் வைத்துத்தான் கூடினார்கள். குழுவைத் தொடங்கிய பாப் ஹார்ட்மன் இரண்டு அணியிலும் இருந்தார் என்பது உண்மை. ஆனாலும் பழைய அணி தன் பெயரைத் தெளிவாகப் பிரித்துச் சொல்லிவிட்டுத்தான் வந்தது. அதை வாக்குத் தவறியதாக எண்ண எனக்கு மனம் வரவில்லை.

2022 விஷயம் வேறு. ஷ்லிட், ஹார்ட்மன், கீபோர்டில் ஜான் லாரி, பேஸ் கிட்டாரில் கிரெக் பெய்லி என்று, விடைபெற்றவர்களில் முக்கியமானவர்களே திரும்பி வந்தார்கள். டிரம்ஸுக்குப் புதிதாக கிறிஸ்டியன் போர்னியோ. கடைசி என்று சொல்லி டிக்கெட் விற்றால் அது கடைசியாக இருக்க வேண்டும் என்று ரசிகர் எதிர்பார்ப்பது நியாயம்தான். அந்த அளவுக்கு உங்கள் பக்கம் நிற்கிறேன். அதற்கு மேல் வர மாட்டேன். பதினாறு, பதினேழு வருடம் கழித்து, எழுபதைத் தாண்டிய மனிதர்கள் கிட்டாரை எடுத்துக்கொண்டு அதே பாட்டைப் பாட வருகிறார்கள். காசுக்காக என்றே வைத்துக்கொள்ளுங்கள். உழைக்கிறவருக்குக் கூலி உண்டு. அதில் என்ன குற்றம்?

இப்போது உங்கள் நண்பர்களின் சண்டைக்கு வருகிறேன். 'நான் பவுலைச் சேர்ந்தவன்', 'நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்' என்று கொரிந்து சபையார் பிரிந்து நின்றதை வேதத்தில் எல்லோரும் படித்திருப்பீர்கள். அதையே இசைத்தட்டை வைத்துக்கொண்டு செய்கிறீர்கள். அசல் எது என்று தேடினால், 1972இல் இண்டியானா மாநிலம் ஃபோர்ட் வெய்னில் குழு தொடங்கியபோது வோல்ஸும் இல்லை, ஷ்லிட்டும் இல்லை. ஹார்ட்மன், கிரெக் ஹஃப், ஜான் டிக்ராஃப், பில் குளோவர் என்ற நான்கு இளைஞர்கள்தான் இருந்தார்கள். 1974இல் வந்த முதல் தொகுப்பில் ஹார்ட்மனும் ஹஃப்பும் பாடுகிறார்கள். கேட்டுப் பாருங்கள், தென்மாநில நாட்டுப்புற வாசனை அடிக்கும் கிட்டார் இசை அது. உங்கள் நண்பர்களில் ஒருவராவது அதுதான் அசல் என்று வாதாடுகிறாரா?

குரலில் வித்தியாசம் இல்லை என்று சொல்ல வரவில்லை. வோல்ஸ் உச்சத்தில் ஏறினாலும் தொண்டை இறுகாது. 1983இல் வந்த 'நாட் ஆஃப் திஸ் வேர்ல்ட்' தொகுப்பில் சின்தசைசர் மேல் அந்தக் குரல் மிதந்து போவதை நான் இன்றைக்கும் இரவில் தனியாகக் கேட்பேன். ஷ்லிட்டின் குரலில் கரகரப்பு உண்டு, காயம் பட்ட மனிதரின் குரல் அது. அந்தக் காயம் வெறும் பாவனை இல்லை. எழுபதுகளில் ஹெட் ஈஸ்ட் என்ற பிரபல ராக் குழுவில் பாடியவர், கொக்கேயின் பழக்கத்தால் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். மனந்திரும்பி, மேடையை விட்டு, சுரங்கப் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தவரைத்தான் 1986இல் ஹார்ட்மன் அழைத்தார். விழுந்து எழுந்த ஒருவரைக் கூப்பிட்டு ஒலிவாங்கியைக் கையில் கொடுத்த குழு, இனி மறுவாய்ப்பே கிடையாது என்று தன் மேடையை மூடி வைக்க வேண்டும் என்றா எதிர்பார்க்கிறீர்கள்?

ஆனால் நீங்கள் பாடகர் கணக்கில் எழுதும் மாற்றங்களில் பாதி பாடகரால் வந்தவை அல்ல. எண்பதுகளின் முற்பகுதியில் தொகுப்புகளைத் தயாரித்தவர் ஜொனதன் டேவிட் பிரவுன். 1987இல் வந்த 'திஸ் மீன்ஸ் வார்' தொகுப்பைத் தயாரித்தவர்கள் ஜான் எலஃபான்டே, டீனோ எலஃபான்டே சகோதரர்கள். ஜான், கான்சஸ் என்ற ராக் குழுவில் பாடியவர். பெரிய அரங்குக்கு ஏற்ற கனமான டிரம்ஸும், அடுக்கடுக்கான கூட்டுக்குரலும் அவர்கள் கைவண்ணம். எல்லாக் காலத்துக்கும் பொதுவாக நின்றது ஹார்ட்மனின் எழுத்து. 1995இல் அவர் ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போவதை நிறுத்தினார், எழுதுவதை நிறுத்தவில்லை. வேத வசனத்தை எடுத்து, பள்ளிப் பையன் முணுமுணுக்கிற நாலு வரியாக்கிக் கொடுக்கிற கை அவருடையது. உங்கள் கேள்வியில் அவர் பெயரே இல்லை. ஐம்பது ஆண்டு எழுதியவரை விட்டுவிட்டு, பாடியவர்கள் இருவரை வைத்துச் சண்டை போடுகிறீர்களே என்பதுதான் என் ஆதங்கம்.

ஷ்லிட் தரப்பினர் பெட்ரா வாங்கிய நான்கு கிராமி இசை விருதுகளைக் காட்டுவார்கள் என்று தெரியும். நான்கும் அவர் பாடிய தொகுப்புகளுக்கே வந்தவை, சரி. ஆனால் ராக் நற்செய்தித் தொகுப்புக்கென்று கிராமியில் தனிப் பிரிவு 1991 விழாவில்தான் தொடங்கியது. அந்த முதல் விருதே 'பியாண்ட் பிலீஃப்' தொகுப்புக்குப் போனது. வோல்ஸ் பாடிய காலத்தில் அப்படி ஒரு பிரிவே கிடையாது. இல்லாத பரிசை அவர் வாங்கவில்லை என்று குறை சொல்வது எப்படி நியாயமாகும்?

பெட்ரா விட்டுச்சென்றது என்ன என்று கேட்டால், விருதைவிட முன்னால் நான் சொல்வது அவர்கள் வாங்கிய அடியைத்தான். இன்று ஆராதனையில் டிரம்ஸ் வைப்பது சாதாரணமாகிவிட்டது. அன்று அமெரிக்காவில் பல சபைகள் இவர்களை உள்ளே விடவில்லை. தொலைக்காட்சிப் பிரசங்கியார் ஜிம்மி ஸ்வாகர்ட், இந்த இசை ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய் என்று தலைப்பிலேயே சொல்லி 1987இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ராக் இசைத்தட்டைத் தலைகீழாகச் சுற்றினால் பிசாசின் வார்த்தை கேட்கும் என்ற பயமும் அப்போது ஊரெல்லாம் பரவியிருந்தது. பெட்ரா என்ன செய்தது தெரியுமா? 1982இல் வந்த 'மோர் பவர் டு யா' தொகுப்பில், யூதாஸின் முத்தத்தைப் பற்றிய பாட்டுக்கு முன்னால், வேண்டுமென்றே ஒரு வாக்கியத்தைத் தலைகீழாகப் பதித்தார்கள். சுற்றிக் கேட்டவர்களுக்குக் கிடைத்த செய்தி இதுதான்: கர்த்தரைத் தேட வேண்டிய நீ பிசாசை ஏன் தேடிக்கொண்டிருக்கிறாய்? விடுதியில் ஒரு நண்பன் பதிவு செய்து கொடுத்த கேசட்டில்தான் அந்தத் தொகுப்பை முதலில் கேட்டேன். அந்த வாக்கியத்தின் பொருளை அவன் விளக்கியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. திட்டியவர்களைத் திருப்பித் திட்டாமல், அவர்கள் தேடிவந்த இடத்திலேயே பதிலை வைத்திருந்தார்கள்.

அந்தத் தொகுப்புக்கு முந்தைய ஆண்டு, 1981இல், அவர்களுக்குக் கிறிஸ்தவ வானொலியின் கதவைத் திறந்துவிட்டது 'தி கலரிங் சாங்' என்ற மென்மையான பாட்டு. அது ஹார்ட்மன் எழுதியதும் இல்லை. அதன் பிறகுதான் மற்றவை உள்ளே போயின. 1989இல் துதிப் பாடல்களை ராக் குழுவாகவே பாடி ஒரு முழுத் தொகுப்பு கொடுத்தார்கள். சபைகளில் பின்னால் பரவிய ஆராதனைக் குழுக்களின் ஓசை அதில் முன்கூட்டியே கேட்கிறது. 2000இல் நற்செய்தி இசைப் புகழ்மன்றத்தில் இடம்பெற்ற முதல் ராக் குழுவும் இவர்கள்தான்.

இனி, நீங்கள் எழுதாத ஒரு பெயரைச் சொல்கிறேன். லூயி வீவர். 1981 முதல் டிரம்ஸ் வாசித்தவர். 2003இல் குழு அவரை விலக்கியது. ரசிகர்கள் அதை இன்றும் மறக்கவில்லை, யார் பக்கம் நியாயம் என்று பட்டிமன்றம் நடத்துகிறார்கள். 2010இல் கிளாசிக் பெட்ரா கூடியபோது டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தவர் அதே வீவர். முன்னால் கிட்டாரோடு ஹார்ட்மன். ஏழு வருட இடைவெளிக்குப் பிறகு இருவரும் ஒரே தொகுப்புக்காக, பெரும்பாலும் பழைய பாடல்களையே புதிதாக வாசித்துப் பதிவு செய்தார்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னால் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று படித்தவர்கள் நாம். அந்த ஒப்புரவு எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், அந்தத் தொகுப்பைப் போட்டு டிரம்ஸை மட்டும் கவனிக்கச் சொல்வேன். போனவர்கள் போனதாகவே இருந்திருந்தால் அது நமக்குக் கிடைத்திருக்காது, சகோதரரே.

வோல்ஸும் ஷ்லிட்டும்கூட ஒருவரையொருவர் எதிரியாக நினைத்ததில்லை. 2005 விடைபெறும் தொகுப்பிலேயே வோல்ஸ் விருந்தினராக வந்து பாடியிருக்கிறார். கேட்டவர்கள்தான் இரண்டு கட்சி ஆனோம்.

எனக்கும் ஒரு குறை உண்டு. அது உங்கள் குறைக்கு நேர் எதிரானது. ஐம்பதாம் ஆண்டுக்கு அமைந்த அணியில் வோல்ஸும் இல்லை, வீவரும் இல்லை. ஹார்ட்மன் நடுவில் நிற்க, ஒரு பக்கம் வோல்ஸ், மறுபக்கம் ஷ்லிட், பின்னால் வீவர் என்று முழுச் சுற்றுப்பயணம் ஒன்று வந்தால், டிக்கெட்டில் 'கடைசி' என்று எத்தனையாவது முறை அச்சடித்திருந்தாலும் நான் வாங்குவேன்.